அத்திவாரம் வெட்டுமுன்

திருகோணமலைப் பக்கம் இருக்கும் நமது உறவுகளின் வீடுகளுக்குத் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ போய் வரும் தோட்டத்துப் பிள்ளைகள் திரும்பி வந்ததும் ஒன்று சொல்வார்கள்: "அங்கே வீட்டைச் சுற்றி நடக்க முடிகிறது." லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் அந்தப் பேச்சின் கனம் விளங்கும். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்கு முன்பக்கம் ஒரு இஸ்தோப்பு உண்டு. பக்கச் சுவர் அடுத்த குடும்பத்தின் சுவர். பல லயங்களில் பின்சுவரும் இன்னொரு குடும்பத்தின் சுவர்தான். வீட்டைச் சுற்றி நடப்பது நமக்குப் புதுப் பழக்கம்.

ஏழு பேர்ச்சஸ், பத்து பேர்ச்சஸ், இந்திய வீடு, அரசாங்க வீடு என்று பல வருடமாகக் கேட்டு வருகிறோம். கிடைத்தவர்கள் சிலர்; காத்திருப்பவர்கள் மிகப் பலர். இந்த இதழில் அந்தக் கணக்கை மறுபடி எழுதப் போவதில்லை. கையில் காணியோ, காணி கிடைக்கும் என்ற நம்பிக்கையோ, கொஞ்சம் சேமிப்போ வைத்துக்கொண்டு முதன்முதலாக ஒரு வீடு கட்ட நினைக்கும் குடும்பத்தோடு பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சைத் திருகோணமலையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தை விட்டுப் போய், சொந்தக் கையால் வீடு கட்டி, அதை இழந்து, திரும்பவும் கட்டிய நமது மக்கள் அங்கே இருக்கிறார்கள்.

மற்ற ஊர்களில் ஒருவன் வீடு கட்டும்போது அப்பா பக்கத்தில் நின்று "கிணற்றை அந்த மூலையில் வெட்டு" என்பார். மாமா மேசனாக இருப்பார். எந்த மாதம் மணல் விலை இறங்கும், எந்த மரம் உளுத்துப் போகும் என்பது வீட்டுக்குள்ளேயே தெரிந்த சங்கதி. நமக்கு அந்தப் பாடம் வரவில்லை. 1823 இலிருந்து கணக்கிட்டால் இருநூறு வருடத்துக்கு மேலாகிறது. ரோட்டு, பாலம், பங்களா, பக்டரி எல்லாம் நமது கையால் எழும்பின. நாம் குடியிருந்த கூரை மட்டும் துரையுடையது. கூரைத் தகரம் பறந்தால் ஒபிசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். செக்ரோலில் பேர் இருக்கும் வரைதான் காம்பரா. ஆகவே இன்று வீடு கட்ட இறங்கும் தொழிலாளி, தன் குடும்பத்தில் அதைச் செய்யும் முதல் ஆள். யாரிடம் கேட்பது என்று தெரியாத முதல் ஆளும் அவர்தான்.

எழுபதுகளில் திருகோணமலைக்குப் போனவர்களின் கதை நமது இளைஞர்களுக்குச் சரியாகத் தெரியாது. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் கீழ் தோட்டங்கள் கைமாறின. அந்த வருடங்களில் மலையகத்தில் பட்டினி கிடந்தார்கள், பட்டினியால் செத்தார்கள். அதன் பின் 1977 வன்செயல். லயம் எரிந்தவர்களும் வேலை போனவர்களும் வவுனியாவுக்கும் முல்லைத்தீவுப் பக்கமும் திருகோணமலைக்கும் இறங்கினார்கள். டேவிட் ஐயாவும் டாக்டர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களுக்குக் காணி துப்புரவாக்கவும் குடிசை போடவும் பாலர் பாடசாலை வைக்கவும் கைகொடுத்தது. திருகோணமலை மாவட்டத்தில் பன்குளப் பக்கம் அப்படிக் குடியேறியவர்கள் இருந்தார்கள். காட்டுத் தடியும் மண்ணும் கிடுகும் கொண்டு அவர்கள் கட்டியதுதான், நமது மக்களில் பலருக்கு "என் வீடு" என்று சொல்லக் கிடைத்த முதலாவது வீடு.

அது நிலைக்க விடப்படவில்லை. 1983 இல் காந்தியத்தின் தலைவர்கள் கைதானார்கள். டாக்டர் இராஜசுந்தரம் அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். திருகோணமலையில் குடியேறியிருந்த மலையகக் குடும்பங்கள் பஸ்களில் ஏற்றி மலைக்கே திருப்பி அனுப்பப்பட்ட சம்பவங்களும் அந்த வருடத்தில் நடந்தன. தங்கிவிட்டவர்களை 1985 உம் 1990 உம் துரத்தின. சிலர் முகாமுக்கு, சிலர் கடல் தாண்டி இராமேஸ்வரத்துக்கு. திரும்பி வந்தபோது மண்சுவர் கரைந்திருந்தது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று, போகப் போகத்தான் தெரிந்தது: காணிக்கு இருந்த துண்டுக் கடதாசியும் போயிருந்தது.

2012 ஒக்டோபர் 2 ஆம் திகதி வடக்கு கிழக்கில் இந்திய வீட்டுத் திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, 550 சதுர அடி. கட்டுவது கொந்தராத்துக்காரர் அல்ல; குடும்பமே மேசனைப் பிடித்து, சாமான் வாங்கி, கட்ட வேண்டும். பணம் கட்டம் கட்டமாக நேரே வங்கிக் கணக்குக்கு வரும். நல்ல முறை. ஆனால் காணி தன்னுடையது என்று காட்ட முடியாத குடும்பம் அந்தத் திட்டத்தின் வாசலிலேயே நின்றுவிட்டது. முப்பது வருடம் முன்பு காடு வெட்டியவர் வெளியே நின்றார். கடதாசி வைத்திருந்தவர் உள்ளே போனார். இதை யாரையும் குறைசொல்ல எழுதவில்லை. கடதாசி என்பது சுவருக்கு முந்திய சுவர் என்பதற்காக எழுதுகிறோம்.

பலர் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு தவறான கதையை இங்கே உடைத்துவிட வேண்டும். "பத்து வருடம் இருந்தால் காணி எனக்குத்தான்" என்பார்கள். தனியாருடைய காணியில், எவருடைய அனுமதியும் இல்லாமல் எதிரிடையாகப் பத்து வருடம் ஆண்டால் உரிமை கோரலாம் என்று ஆட்சியுரிமைச் சட்டம் சொல்வது உண்மை. அரச காணிக்கு அது செல்லாது. முப்பது வருடம் இருந்தாலும் ஐம்பது வருடம் இருந்தாலும், அரச காணியில் இருப்பதனால் மட்டும் உரித்து வராது. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளியேறும்படி அறிவித்தல் வந்தால், உங்கள் கையில் செல்லுபடியான எழுத்து அனுமதி இருக்கிறதா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். எத்தனை தென்னை நட்டீர்கள் என்று கேட்காது. திருகோணமலையில் வன இலாகாவின் கல் ஒரு பக்கம், தொல்பொருள் திணைக்களத்தின் பலகை ஒரு பக்கம், படை முகாம் வேலி ஒரு பக்கம் என்று இருக்கும் இடங்களில் இதை மறந்துவிட்டு அத்திவாரம் வெட்டுவது, சேமிப்பை மண்ணில் புதைப்பதாகும்.

ஆகவே முதல் வேலை பிரதேச செயலகத்தில். காணிக் கிளையில் உங்கள் துண்டு எந்த வகை என்று கேளுங்கள். 1935 ஆம் ஆண்டு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமா, அளிப்புப் பத்திரமா, வெறும் கடிதமா, ஒன்றுமே இல்லையா? அனுமதிப்பத்திரக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கட்டுப்பாடு உண்டு. அதைச் சொல்லாமல் "வெள்ளைக் கடதாசியில் எழுதித் தருகிறேன்" என்று விற்பவர்கள் நகரத்தைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். நமது பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைத்து அனுப்பும் பணம் அப்படிப் போய்க்கொண்டிருக்கிறது. சட்டத்தரணிக்கு முன்னால் கையெழுத்து வைத்தாலும், விற்க முடியாததை விற்றது விற்றதாகாது.

அனுமதிப்பத்திரம் இருப்பவர்கள் பின்னுரித்தாளரின் பேரைப் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பதியாமல் கணவன் இறந்துபோக, அண்ணன் தம்பிக்குள் வழக்கு வந்து, அம்மா ஒரு மூலையில் ஒதுங்கிய வீடுகள் உண்டு. பேர் பதியாவிட்டால் ஆண் வாரிசுக்கே முதலிடம் என்ற பழைய வரிசை 2022 திருத்தத்தோடு போய்விட்டது. மகளுக்கும் சம இடம் உண்டு. ஆனாலும் எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு. மலையகத்தில் கொடுக்கப்படும் உறுதியில் மனைவி பேரும் சேர வேண்டும் என்று நமது மாதர் பிரிவு கேட்டு வருவதை இந்தத் தலையங்கம் முழுமையாக ஆதரிக்கிறது. கொழுந்து பறித்து அந்த வீட்டின் அரைவாசியைச் சம்பாதித்தவர் அவர். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் ஆணின் பேரை எழுதிவிட்டு அவரை "ஏனையோர்" பகுதியில் போடுவது எந்த நியாயம்?

தோட்டத்துக்குள் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு விதம். நிலம் அரசுடையது, 1992 இலிருந்து கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன, கம்பனியின் சம்மதம் இல்லாமல் ஒரு பேர்ச்சஸும் விடுபடாது. தொண்ணூறுகளில் வீட்டுக் கடன் எடுத்து, சம்பளத்தில் மாதா மாதம் வெட்டுக் கொடுத்து, கடனை முடித்தும் உறுதி கிடைக்காமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்காரர்கள்தானா, தோட்டத்தின் குடியிருப்பாளர்கள்தானா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. இதனால்தான் திறப்பு விழாவில் சாவி கொடுக்கும்போது நாம் கை தட்டினாலும், உறுதி எங்கே என்று அதே மேடையிலேயே கேட்கிறோம். சாவி கொடுத்தவர் பூட்டை மாற்றலாம்.

சரி, கடதாசி சரியாக இருக்கிறது. அடுத்து பலரைக் கவிழ்த்தது ஆசை. கெட்ட ஆசை அல்ல. லயத்தில் ஐந்து பேர் ஒரே காம்பராவில் படுத்தவர்கள், கட்டும்போது பெரிதாகக் கட்ட வேண்டும் என்று நினைப்பது இயற்கை. வடக்கு கிழக்கில் ஐந்தரை இலட்சத்துக்கு 550 சதுர அடி என்று திட்டம் சொன்னது. மக்கள் எழுநூறு, எண்ணூறு என்று அத்திவாரம் போட்டார்கள். "பிறகு பெருப்பிக்க முடியாது, இப்பவே போட்டுவிடுவோம்." அத்திவாரம் பெரிதானால் சுவர் நீளும், கூரையும் பெரிதாகும். முதல் தவணை நிலமட்டத்தோடு முடிந்துவிடும். அடுத்த தவணை வர வேண்டுமானால் சுவர் குறிப்பிட்ட உயரத்துக்கு எழும்பியிருக்க வேண்டும். சுவர் எழுப்பப் பணம் இல்லை. அங்கேதான் நகை அடகுக்குப் போனது. நகை தீர்ந்ததும் வாரக் கடன்காரர் வாசலுக்கு வந்தார். நுண்கடனில் சிக்கிய பெண்களின் நிலை எந்த அளவுக்குப் போனதென்றால், 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. எல்லாக் கடனும் வீட்டினால் வந்ததல்ல. ஆனால் பாதி எழும்பிய சுவர்களுக்கு அதில் பங்கு உண்டு.

நமது பரிந்துரை இது: வரைபடத்தைப் பெரிதாகப் போடுங்கள், வீட்டைச் சிறிதாகத் தொடங்குங்கள். முழுவதும் கட்டினால் எப்படி இருக்கும் என்று படத்தில் வைத்துக்கொண்டு, முதலில் ஒரு அறை, அடுப்படி, மலசலகூடம் மட்டும் கூரையோடு முடித்துக் குடிபோங்கள். அடுத்த அறை எந்தப் பக்கம் வரும் என்பது தெரிந்திருப்பதால் அந்தச் சுவரில் கதவு வரும் இடத்துக்கு மேலே லின்டலை இப்போதே போட்டுக் கீழே கல்லால் அடைத்து வைக்கலாம். கூரையையும் அந்தப் பக்கம் நீட்டத் தோதாக இறக்கலாம். நூறு சீமெந்துக் கல் வாங்கி வைத்துவிட்டு அடுத்த வருடம் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் சீமெந்தை அப்படி வாங்கி வைக்காதீர்கள். ஈரத்தில் மூன்று மாதத்துக்குள் அது பலம் குறைந்துவிடும். மலையில் இன்னும் சீக்கிரம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த ஒரு பை சீமெந்து, 2022 இல் மூவாயிரத்தைத் தாண்டியது. அந்த நேரம் பாதியில் நின்ற வீடுகள் இன்னும் மலையிலும் கரையிலும் பாசி பிடித்து நிற்கின்றன. மேசன் சொல்லும் தொகை இன்றைய விலைக்கான தொகை. அதன் மேல் ஐந்தில் ஒரு பங்காவது கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். மணலைக் கியூப் கணக்கில் வாங்கும்போது டிப்பரின் பெட்டியை அளந்து பாருங்கள். நூறு கன அடி ஒரு கியூப். மகாவலி மணல் பக்கத்தில் கிண்ணியா, மூதூரிலிருந்து வருகிறது என்பதால் திருகோணமலைக்காரருக்கு அது மலிவு என்று நினைக்க வேண்டாம். அனுமதிப்பத்திரம் இல்லாத லோட்டைப் பொலிஸ் பிடித்தால், முன்பணம் கொடுத்தவர் நீங்கள். கடற்கரை மணலைக் கட்டடத்துக்குப் போடவே கூடாது. உப்பு கம்பியைத் தின்றுவிடும், கூரைக்குக் கீழே கொங்கிரீட் பொரிந்து விழும்.

இடத்தைப் பார்த்துக் கட்டுவது என்பதும் நமக்குப் புதிய பாடம். லயத்தை எங்கே வைப்பது என்று துரை தீர்மானித்தான், காற்றும் மழையும் அவன் கணக்கில் இல்லை. திருகோணமலையில் மழை மார்கழியை ஒட்டி வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆனி ஆடியில் கச்சான் தென்மேற்கிலிருந்து கொதிக்கும். யன்னல், இஸ்தோப்பு, அடுப்படி எல்லாம் அதைப் பார்த்து வர வேண்டும். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது; 1964 புயலைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். கூரைத் தகரத்தை ஆணியோடு மட்டும் விடாமல், வளையைக் கம்பியால் சுவரின் கொங்கிரீட் பட்டியோடு கட்டி இறுக்கச் சொல்லுங்கள். செலவு சொற்பம். கடலிலிருந்து முந்நூறு மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. பிரதேச சபையின் அனுமதி மட்டும் போதாது.

கிணறும் மலக்குழியும் இன்னொரு விசயம். இரண்டுக்கும் நடுவே ஐம்பது அடியாவது இருக்க வேண்டும் என்பது சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்லும் கணக்கு. மணல் நிலத்தில் அழுக்கு வேகமாக ஓடும், ஆகவே அதைக் குறைக்க முடியாது. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,905 சதுர அடி. அதில் வீடு வைத்து, மலக்குழி வைத்து, பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்தும் ஐம்பது அடி தள்ளிப் போக நினைத்தால் நிலம் முடிந்துவிடும். குழாய் நீரோ பொதுக் கிணறோ இல்லாமல் ஏழு பேர்ச்சஸைப் பகிர்ந்து கொடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்களா என்று நாம் கேட்பது அதற்காகத்தான். மரக்கறிப் பாத்தியும் மாட்டுக் கொட்டிலும் பற்றிப் பேச்சே வேண்டாம்.

மலையில் இருப்பவர்களுக்கு மண் வேறு பயம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் சொல்லியிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடம் இருக்கவில்லை. சரிவில் புது வீடு கட்டுபவர்கள் அந்த நிறுவனத்தின் அறிக்கை கேட்பதைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். பின்பக்க மண்ணைச் செங்குத்தாக வெட்டி வீட்டைச் சுவரோடு சுவராக ஒட்டுவதுதான் நாம் காணும் மிக ஆபத்தான வழக்கம். தண்ணீர் போக வாய்க்கால் வெட்டாமல் கல் வைக்க வேண்டாம்.

பணம் எங்கிருந்து? 2024 செப்டம்பரில் நாட் சம்பளம் 1,350 ரூபா என்றானது. அதில் வீடு கட்டுவது என்பது கணக்கில் வராத பேச்சு. நாம் அதை மறைக்கவில்லை. சம்பளப் போராட்டமும் வீட்டுப் போராட்டமும் ஒன்று என்று சொல்வது அதனால்தான். இருந்தாலும் நமது பேரில் இருக்கும் ஒரு பணம் உண்டு: ஊழியர் சேமலாப நிதி. பத்து வருடம் பணம் கட்டியிருந்து, கணக்கில் மூன்று இலட்சத்துக்கு மேல் மீதி இருந்தால், வீட்டுத் தேவைக்கு அதில் முப்பது வீதம் வரை ஓய்வுக்கு முன்பே எடுக்கலாம். மீதியைப் பிணையாக வைத்து வீட்டுக் கடன் எடுக்கும் வழியும் உண்டு. ஆனால் பலருக்கு அடையாள அட்டையில் ஒரு பேர், சேமலாபக் கணக்கில் இன்னொரு பேர். முத்தம்மாவும் முத்தாயியும் ஒருவரே என்று நிரூபிக்க ஒரு வருடம் ஓடும். சில தோட்டங்கள் பிடித்த பணத்தையே கட்டாமல் நிலுவை வைத்திருக்கின்றன. வீடு கட்டும் எண்ணம் இல்லாதவர்களும் இந்த மாதமே தம் கணக்கைச் சரிபார்க்கட்டும். எடுப்பவர்களுக்கு ஒன்று: அது முதுமைக்கான பணம். கூரைக்கும் மலசலகூடத்துக்கும் எடுங்கள். மாபிளுக்கும் முகப்பு அலங்காரத்துக்கும் எடுக்காதீர்கள்.

திட்டம் போடுபவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. 2016 இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் கொண்டுவரப் பார்த்தார்கள். ஒன்று சுமார் 21 இலட்சம். வெயிலுக்கு ஏற்குமா, அடுப்படி எங்கே, எத்தனை வருடம் நிற்கும், அதே பணத்தில் கல்வீடு இரண்டு கட்டலாமே என்று மக்கள் கேட்டார்கள், பொறியியலாளர்கள் கேட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. மக்கள் தம் வீட்டைப் பற்றித் தாமே பேசியதனால் நடந்தது அது. மலையகத்தில் முதற்கட்டம் 4,000 வீடு, பிறகு 10,000 வீடு என்று இந்திய உதவி வந்தபோது, அடுப்படி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணிடமாவது கேட்டார்களா? விறகில் சமைக்கும் வீட்டுக்குப் புகை போகும் வழி இல்லாமல் படம் கீறி, பிறகு வீட்டுக்குப் பின்னால் தகரத்தில் இன்னொரு அடுப்படி போட வைத்தால் யாருக்கு நட்டம்?

தோட்டக் கமிட்டிகள் இந்த மாதக் கூட்டத்தில் ஒரு பதிவேடு திறக்க வேண்டும். காணிக் கடதாசி என்ன வகை, யார் பேரில், வீட்டுக் கடன் எந்த வருடம் முடிந்தது, உறுதி வந்ததா இல்லையா, சேமலாபக் கணக்கில் பேர் சரியா. அசலைக் கொடுக்க வேண்டாம், போட்டோப் பிரதி போதும். திருகோணமலையிலிருக்கும் உறவுகள் பழைய அனுமதிப்பத்திரம், பங்கீட்டு அட்டை, வாக்காளர் இடாப்புப் பிரதி, பிள்ளைகளின் பாடசாலைச் சேர்வுப் பதிவு, முகாம் அட்டை என்று எது மிஞ்சியிருந்தாலும் அனுப்பட்டும். அந்த மண்ணில் எந்த வருடத்திலிருந்து இருந்தார்கள் என்பதைக் காட்ட அவை உதவும். காணிக் கச்சேரி கூடும் நாளில் அவற்றோடு கூட வந்து நிற்க ஒரு பிரதிநிதியைச் சங்கம் அனுப்பும். திகதி தெரிந்ததும் கிளைக்கு அறிவியுங்கள்.